ஒரே கை

நாற்காலியின் உயரம் சரியாக அமைந்துவிட்டால் பாதி முதுகுவலி வராது, ஐயா. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி இந்த மேஜைக்குத் தாழ்வு. அதனால்தான் எழுதும்போது தோளைத் தூக்கிக்கொண்டே எழுதுகிறீர்கள், மாலையில் கழுத்து கடுக்கும். அடியில் ஒரு திண்டு போட்டுக்கொள்ளுங்கள், காலுக்கு ஒரு பலகை வையுங்கள். இரண்டே நாளில் வித்தியாசம் தெரியும்.

சகாயமேரியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். அவளை உட்கார வைத்ததிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

என் பெயர் ஹில்டா. கன்னியர் மடத்து லேஸ் வீட்டில் மேல்பார்வை. பிளேக் வந்து இந்த மைசூரில் எங்கள் மண்டித் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக்கொண்ட வருஷம் அப்பா அம்மா இரண்டு பேரும் போனார்கள். என்னைத் தூக்கி வந்து வளர்த்தது மடத்துத் தலைவியாக இருந்த பழைய மதர். பெல்ஜியத்திலிருந்து வந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் கட்டையில் நூல் சுற்றி லேஸ் போடுவார்களாம். வைக்கோல் அடைத்த திண்டின் மேல் துளையிட்ட அட்டையை வைத்து, துளைக்குத் துளை குண்டூசி குத்தி, கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கைக்குட்டை ஓரம் என்றால் மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே போட்டுவிடலாம். பெரிய லேஸ் அப்படி இல்லை. திண்டு ஒரு ஆட்டுக்குட்டி கனம் கனக்கும். குனிந்து குனிந்து போட்டால் ஒரு மாதத்தில் கூன் விழும். எத்தனையோ நல்ல கைகள் அப்படி வீணாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன். என்னுடையதும் அதில் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் மூட்டெல்லாம் வீங்கி, நான் திண்டைத் தொடுவதை நிறுத்தியிருந்த காலம் அது.

அப்போதுதான் புது மாதா கோவிலுக்குப் பீடத் துணி கேட்டு வேலை வந்தது. துணி சும்மா துணிதான், பெருமையெல்லாம் ஓரத்து லேஸில். ஒரு முழ அகலம், பெரிய பீடத்தின் மூன்று பக்கமும் சுற்றி வரும் நீளம். திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் பின்னி வரவேண்டும். இத்தனை பெரிய லேஸ் எங்கள் வீட்டில் அதுவரை யாரும் போட்டதில்லை. இப்போதிருக்கும் மதர் என்னைக் கூப்பிட்டு, யாரை உட்கார வைக்கலாம் என்று கேட்டார். யோசிக்காமல் சகாயமேரி என்றேன்.

ராமாபுரம் கிராமத்துப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா இல்லை, அண்ணன் சூசைநாதன்தான் கொண்டுவந்து விட்டான். வந்த புதிதில் வாயைத் திறந்தால் எங்கள் பட்டணத்துப் பெண்கள் சிரிப்பார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுவாள். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, ஐயா. நூலை இழுப்பதே வெளியில் தெரியாது. இழுத்த பிறகு பார்த்தால் பின்னலின் ஒவ்வொரு கண்ணும் அடுத்த கண்ணின் அளவாகவே இருக்கும். வேர்க்காத கை, வெள்ளை நூல் கடைசிவரை வெள்ளையாகவே நிற்கும். அவள் கட்டையை உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே எனக்குப் போதும் என்று இருக்கும். என் சொந்தம் என்று சொல்ல எனக்கு யாரும் இருந்ததில்லை.

மாடியறையை அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்தேன். இடது பக்கம் ஜன்னல், நிழல் கையின் மேல் விழாது. தச்சன் தொட்டையனைக் கூட்டிவந்து ஒரு தாங்கி செய்தேன். அதில் திண்டை உருளை மாதிரி படுக்க வைத்து, போட்டு முடிந்த லேஸ் பின்பக்கம் ஒரு துணிப்பையில் தானாக இறங்கும்படி பண்ணினோம். நாற்காலிக்குக் கை வைத்தேன், முழங்கை அதில் தங்கும். காலுக்குச் சாய்வுப் பலகை. கோடையில் நூல் வறண்டு அறுந்துவிடும் என்று ஜன்னலில் ஈரத்துணி. அந்த நேரத்துக்கு வேலையில்லாத கட்டைகளைக் கொத்துக் கொத்தாகத் துணியில் சுருட்டிக் குத்திவைத்தால் சிக்காது, எட்டிக் குனியவும் வேண்டாம். அவள் முதல்நாள் உட்கார்ந்துவிட்டு, "ஏனுங்கக்கா, இது மகாராணி உக்கார்ர மாதிரியல்ல இருக்குது" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

இப்போது முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன், கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். பெரிய லேஸை ஒரே கைதான் போடவேண்டும். ஐந்து விரலும் ஒன்றா என்பார்கள். ஒரே கையின் விரலே ஒன்றில்லை என்கிறபோது இரண்டு பேர் கை எப்படி ஒன்றாகும்? ஒருத்தி இறுக்கி இழுப்பாள், ஒருத்தி தளர விடுவாள். ஆள் மாறிய இடம் தையல் போட்ட காயம் மாதிரி தெரியும். பழைய மதர் எனக்குச் சொன்ன முதல் பாடம் அது. இந்த வழக்கில் நடந்தது எல்லாம் அந்த ஒரு விதியால் நடந்தது. என்னால் என்ன செய்யமுடியும்?

லேஸ் பாதியைத் தாண்டியிருந்தது. சூசைநாதன் வந்து தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னான். அமலதாஸ். ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அதற்கு முன் கோலார் தங்கவயலில் இருந்தவன். நல்ல பையன்தான், ஐயா, நான் அவனைக் குறை சொல்லவில்லை. சகாயமேரி அவன் பெயரைக் கேட்டாலே காதோரம் சிவந்துபோவாள். ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்றார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் நியாயமாகத்தான் பேசினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பகலில் வந்து லேஸ் போடட்டும் என்றான் அமலதாஸ். நான் முடியாது என்றேன். அரிவாள்மணையும் அடுப்புச் சாம்பலும் பழகிய விரல் நுனி சொரசொரக்கும், நூல் மாட்டும். கல்யாணமான கை வேறு கை. அன்று சாயங்காலம் சகாயமேரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, மிச்சத்த நீங்க போடுங்களே. உங்ககிட்டத் தானுங்க நாங் கத்துக்கிட்டது. உங்க கையும் எங் கையும் ஒண்ணுதானுங்களே."

"என் விரலைப் பாத்தியா? இதுல ஊசி நிக்குமா? ஸ்வல்ப பொறு, கொஞ்ச நாள்தான். முடிச்சுட்டுப் போ, யாரு வேணாம்னாங்க?"

அவள் மறுபடி கேட்கவில்லை. எதையும் இரண்டாம் முறை கேட்காத பெண்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. கடமை என்ற வார்த்தை அதிலேயே இருக்கிறது, ஐயா. முதல் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் நான் சாமியாரின் அறைக்குப் போனேன். அமலதாசுக்குக் கோலாரில் ஏற்கெனவே ஒரு பெண்சாதி இருப்பதாகக் கேள்வி என்றேன். கேள்வி என்றுதான் சொன்னேன், சத்தியம் பண்ணவில்லை. முப்பது வயது வரை ஒருவன் கோலாரில் இருந்திருக்கிறான், எனக்குத் தெரியாத ஏதாவது அவன் வாழ்க்கையில் இருந்திருக்கலாம் அல்லவா? சாமியார் கோலாருக்கு எழுதிக் கேட்டு பதில் வரும்வரை ஓலையை நிறுத்திவைத்தார். எனக்கு வேண்டியது அவகாசம். யார் குடியையும் கெடுக்க நான் நினைக்கவில்லை.

அமலதாஸ் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் வந்து நின்றான். "அக்கா, சும்மனே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். நான் அப்படிப்பட்டவன் இல்லைன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடறேன்." அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கக்கூடாதா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தடை சொன்னது யார் என்று சாமியார் யாரிடமும் சொல்லவில்லை. அது அவர்கள் வழக்கம்.

நான் எதிர்பார்க்காதது அவள் அழுகைதான். இவ்வளவு அழுவாள் என்று தெரியாது. கண்ணீர் பட்டால் நூல் மஞ்சளிக்கும். கை நடுங்கினால் பின்னலின் கண் கோணும். சாப்பிடவில்லை, உறங்கவில்லை, முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மதர் வாரம் ஒருமுறை மாடிக்கு வந்து லேஸை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். அண்ணன் ஊரோடு இருந்தான், அவளைப் பார்க்க அங்கே என்னைத் தவிர யார் இருந்தார்கள்?

என் அலமாரியிலிருந்து உங்கள் போலீஸ்காரர் எடுத்துவந்த தகர டப்பாவில் இருப்பது அபின்தான். ஒளிக்கவில்லை, காப்பித்தூளுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். புது அரண்மனை கட்டும்போது என் அம்மா அங்கே சித்தாள். குழந்தை அழுதால் மேஸ்திரி விரட்டுவான் என்று, வேலைக்குப் போகும் தாய்மார் எல்லாரும் நாக்கில் துளி அபின் தடவி மரத்தடியில் படுக்கப் போட்டுவிட்டுப் போவார்களாம். நானும் அப்படிக் கிடந்த பிள்ளைதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள்.

காப்பியில் கடுகளவு கரைத்துக் கொடுத்தேன். நிறைய வெல்லம் போட்டால் கசப்பு தெரியாது. மறுநாளே அழுகை நின்றது. முதுகுவலி போன இடம் தெரியவில்லை. முகத்தில் ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. கட்டைகள் மறுபடி சத்தம் போட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான்தான் அன்று அழுதேன்.

கொஞ்ச நாளில் கடுகு போதவில்லை, மிளகளவு ஆயிற்று. சாப்பாடு வேண்டாம் என்பாள், நானே பிசைந்து ஊட்டினேன். முடி நூலில் விழுந்தது, கழுத்தோடு கத்தரித்துவிட்டேன், காற்றோட்டமாகவும் இருக்கும் என்று. கால் வீங்கி எழுந்து நடக்கத் தடுமாறினாள். நடக்கிற வேலை என்ன இருக்கிறது? தூக்கிக் குளிப்பாட்டி உட்கார வைத்தேன். அவள் செருப்பு மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது, யாருக்காவது உதவட்டும் என்று கொடுத்துவிட்டேன். இடுப்பு வழுக்கி முன்னால் சாயாமல் இருக்க, ஒரு பழைய புடவையை நாற்காலியோடு சேர்த்துச் சுற்றிவிட்டேன். கட்டினேன் என்று எழுதவேண்டாம். மெத்தென்று இருக்க மடித்துத்தான் சுற்றினேன். அத்தனை சௌகரியமாக இந்த மைசூரில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்து வேலை செய்திருக்கமாட்டாள்.

ஒரு காலையில் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "இன்னிக்குக் காப்பி வேண்டாங்கக்கா. எனக்கு என்னமோ ஆவுதுங்க. எங்கையி எனக்கே யாரோடதோ மாதிரி இருக்குதுங்க."

நான் கட்டாயப்படுத்தவில்லை. எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். மத்தியானத்துக்குள் அவளுக்கு உடம்பெல்லாம் உதறியது, மூக்கும் கண்ணும் ஒழுகியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பொழுது சாய்வதற்குள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்துருங்கக்கா, உங்க கால்ல வுழறனுங்க" என்றாள். அந்த நிலைமையில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கொடுத்தேன். அன்று முதல் கேட்டது அவள்தான், ஐயா. நான் கொடுத்தேன், அவ்வளவே.

பழைய பதிவேடெல்லாம் தேடி, சில மாதம் கழித்துக் கோலாரிலிருந்து பதில் வந்தது. அப்படி ஒரு பெண்சாதி இல்லை. சாமியார் மிச்ச ஓலைகளை வாசிப்பதாகச் சொன்னார். அமலதாஸ் அன்றைக்கு வாசலில் நிற்கவில்லை, என்னைத் தள்ளிக்கொண்டு நேரே மாடிக்கு ஏறிவிட்டான்.

அவளைப் பார்த்ததும் தரையில் மண்டிபோட்டு, பலகை மேல் இருந்த அவள் காலைத் தொட்டுப் பார்த்தான். "மேரி, நான்தான். எல்லாம் சரியாப் போச்சு. வா, போலாம்." அவள் அவனை, சுவரில் மாட்டிய ஏதோ படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"இன்னுங் கொஞ்சந்தானுங்க இருக்குது" என்றாள்.

அவன் அழுதான். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எழுந்து என்னிடம் வந்து, "திங்கக்கிழமை காலைல ஜட்கா கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். மதர் வந்து நின்னாலும் கேக்கமாட்டேன்" என்றான். சொன்னதைச் செய்கிறவன் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. லேஸில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் எல்லாப் பெண்களும் ஜெபமாலைக்குப் போயிருந்தார்கள். நான் காப்பி போட்டேன். சுண்டைக்காய் அளவு கரைத்தேன். ஆமாம், முன்பு மிளகு என்றேன், அன்றைக்குச் சுண்டைக்காய். அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் கடைசிவரை குடித்தாள். "நல்லா இனிப்பா இருக்குதுங்கக்கா" என்றாள். நான் தலையைக் கோதிவிட்டேன், குட்டை முடி கோழிக்குஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. திங்கட்கிழமை அவன் வரும்போது நல்ல உறக்கத்தில் இருந்தால் எழுப்ப மனம் வராமல் திரும்பிப் போவான் என்று நினைத்தேன்.

அதைத்தான் நினைத்தாயா என்று மறுபடி கேட்கிறீர்கள். சரி. அவ்வளவு போட்டால் எழுந்திருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். மரத்தடியில் எழுந்திருக்காத பிள்ளைகளைப் பற்றியும் அம்மா சொல்லியிருக்கிறாள். தெரிந்துதான் கரைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மிச்ச லேஸை யார் போடுவார்கள் என்று யோசிக்கவில்லையா என்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. அந்த ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து அவளை யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

சாயங்கால மணி அடித்தபோது கட்டைச் சத்தம் நின்றிருந்தது. தலை நாற்காலியில் சாய்ந்து, கை திண்டின் மேலேயே இருந்தது. வலி பட்ட முகமாக இல்லை. சுற்றியிருந்த புடவையை அவிழ்த்து அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டு மதரிடம் போய்ச் சொன்னேன். பலவீனமான இருதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை அமலதாஸ் கொண்டுவந்த ஜட்கா, பெட்டிக்குப் பின்னால் வெறுமனே கல்லறை வரைக்கும் வந்தது. அன்றே அவன் உங்களிடம் வந்திருக்கிறான், நீங்கள்தான் நம்பவில்லை. அந்த விஷயத்தில் நான் மட்டும் குற்றவாளி இல்லை.

லேஸ் முடிந்துவிட்டது, ஊசி பிடுங்கி அலசிக் கஞ்சி போடவேண்டும் என்று மதரிடம் சொல்லி மாடியறையைப் பூட்டிக்கொண்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். உயரம் எனக்கும் சரியாக இருந்தது. முழங்கை தங்கியது, மூட்டு வலி அவ்வளவாக இல்லை. முதலில் விரல் கேட்கவில்லை, பிறகு கேட்டது. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததை அந்தத் திண்டு எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தது. கோவில் அபிஷேகத்துக்கு முந்தின வாரம் கடைசிக் கதிரை முடித்து நூலை அறுத்தேன்.

பீடத்தில் விரித்த அன்று மதர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் நிற்கவில்லை. "பாருங்கள், ஒரே கை" என்று எல்லாரிடமும் சொன்னார். நீங்களும் போய்ப் பாருங்கள், பூதக்கண்ணாடி வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். அவள் கை எங்கே முடிந்தது, என் கை எங்கே தொடங்கியது என்று தேடிப் பாருங்கள். நானும் தேடினேன், எனக்கே கிடைக்கவில்லை.

ஆனாலும் அவளைக் கல்யாணத்துக்கு அனுப்பியிருக்க முடியாது, ஐயா. பெரிய லேஸ். வேறொரு கை பட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.